கஜானாவின் கதை – 9: உபரியைக் குற்றம் சொன்ன கணக்கு வாத்தியார்

1902 மார்ச் 26. கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபை கூடியிருக்கிறது. தலைமை இருக்கையில் கர்சன் பிரபு. நிதி உறுப்பினர் சர் எட்வர்ட் லா கொண்டுவந்த பட்ஜெட் மீது உறுப்பினர்கள் பேச வேண்டிய நாள். ஆறு வருடத்துக்குள் இரண்டு பெரும் பஞ்சங்களைக் கண்டிருந்தது நாடு. பிளேக் இன்னும் ஓயவில்லை. கஜானாவில் மட்டும் 7 கோடி ரூபாய்க்கு மேல் உபரி! இப்படியொரு கணக்கைக் காட்டிய நிதி உறுப்பினருக்குப் பாராட்டு சொல்லிவிட்டு உட்காருவதுதான் சபையின் மரபு.

பம்பாய் மாகாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த 35 வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். அந்தப் பாராட்டில் சேர்ந்துகொள்ளத் தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றே பேச்சைத் தொடங்கினார். அவர் புனே ஃபெர்குசன் கல்லூரிப் பேராசிரியர் கோபால கிருஷ்ண கோகலே. கணிதம் சொல்லிக்கொடுத்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர்.

ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியோடு கொண்டுவந்த முதல் பட்ஜெட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஓடியும் இந்தியர்களுக்குக் கிடைத்த உரிமை அற்பம். 1892ஆம் வருடச் சட்டப்படி பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், கேள்வி கேட்கலாம். ஓட்டுப் போட முடியாது. ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எல்லாம் முடிவான பிறகு நடக்கும் பேச்சுதான் அது. அந்தப் பேச்சையே கோகலே ஆயுதமாக்கினார்.

அவருடைய வாதம் இதுதான்: மக்கள் அல்லாடும் காலத்தில் தேவைக்கு மேல் வரி வாங்கியது முதல் தவறு. அப்படிச் சேர்ந்த பணத்தைக் காட்டி, நாடு செழிப்பாக இருக்கிறது என்று லண்டனில் இருப்பவர்களை நம்பவைப்பது இரண்டாவது தவறு.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? பதில் நாணய மாற்றில் இருந்தது. ஓய்வூதியம், கடன் வட்டி, ராணுவச் செலவு என்று இந்திய அரசு ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் லண்டனில் கட்டிவந்தது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 1890களின் நடுவில் ஒரு ரூபாய் 13 பென்ஸுக்கு விழுந்திருந்தது. ஒரு பவுண்டு கட்ட ஏறக்குறைய பதினெட்டரை ரூபாய் தேவைப்பட்டது. தனியார் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் வசதியை அரசு 1893இலேயே நிறுத்தியிருந்தது. ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்து, அதன் மதிப்பு 16 பென்ஸுக்கு ஏறியது. இப்போது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் போதும். பவுண்டுக்கு மூன்றரை ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள். 5 கோடி ரூபாய் அங்கேயே மிச்சம்.

இதே மாற்றம் குடியானவன் வீட்டில் வேறு மாதிரி வேலை செய்தது. பஞ்சத்தில் அவன் விற்கக் கொண்டுபோன மனைவியின் வெள்ளிக் காப்புக்கு முன்புபோல விலை கிடைக்கவில்லை. நிலவரியையும் கடனையும் மட்டும் மதிப்பேறிய அதே ரூபாயில் கட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே ராத்திரியில் வந்ததல்ல. பட்ஜெட் படிப்பதற்கென்றே புனேயில் ஒரு பட்டறை இருந்தது. அதன் குரு நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே. 1870இல் தொடங்கிய புனே சார்வஜனிக சபை காலாண்டு இதழ் ஒன்றை நடத்தியது. கோகலே இளவயதிலேயே அதன் ஆசிரியரானார். அரசாங்க அறிக்கைகளை வரி வரியாகப் படிக்கவைத்து, எழுதியதைத் திருத்தித் திருத்தி அவரை வளர்த்தார் ரானடே. 1901 ஜனவரியில் ரானடே இறந்த பிறகு கைகொடுத்தவர் சோலாப்பூர் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த கணேஷ் வெங்கடேஷ் ஜோஷி. ஏடு ஏடாகப் புள்ளிவிவரம் தேடி எடுத்துத் தந்த மனிதர். கல்கத்தாவில் கேட்ட குரலுக்குப் பின்னால் இவருடைய உழைப்பும் இருந்தது.

கோகலே எண்களை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு 1897ஆம் வருடமும் ஒரு காரணம். இந்தியாவின் செலவை ஆராய வெல்பி கமிஷன் லண்டனில் கூடியபோது சாட்சி சொல்லப் போனவர்களில் கோகலே ஒருவர். நம் ஊரிலிருந்து போனவர் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயர். கமிஷன் முன் கோகலே சொன்ன சாட்சியம் பேர் வாங்கித் தந்தது. அதே பயணத்தில், பிளேக் சோதனைக்கு வந்த சிப்பாய்களின் அத்துமீறல் பற்றிப் புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பி அவர் சொன்னது வினையாகிவிட்டது. திரும்பி வந்ததும் அதை நிரூபிக்க ஒருவரும் முன்வரவில்லை. பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சொந்த ஊரிலேயே ஏளனம். அதற்கப்புறம் சபையில் அவர் எடுத்துப் போட்டதெல்லாம் அரசாங்கமே அச்சடித்த எண்கள். மறுப்பதென்றால் அரசு தன் ஏட்டையே மறுக்க வேண்டும்.

உப்பு வரியில் இந்த முறை நன்றாகவே பலித்தது. 1888இல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக ஏறியிருந்தது. ஏழை வீட்டுக் கூழுக்கும் அதே வரி, ஜமீன்தார் வீட்டு விருந்துக்கும் அதே வரி. வரி ஏறியபின் ஆளுக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது என்ற அரசின் கணக்கையே எடுத்து, அது குறைந்திருப்பதைக் கோகலே காட்டினார். 1903இல் வரி 2 ரூபாயானது, 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரே ரூபாய். வருமான வரி விலக்கு வரம்பும் 1903இல் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. எல்லாம் கோகலே பேசியதால் மட்டும் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. கஜானா நிரம்பி வழிந்ததும் ஒரு காரணம்.

வரியைக் குறைப்பது வேறு, செலவைத் திருப்புவது வேறு. ராணுவத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று வருடா வருடம் கேட்டார் கோகலே. மிண்டோ–மார்லி சீர்திருத்தம் சபையில் தீர்மானம் கொண்டுவர வழிசெய்ததும், 1910 மார்ச் 18 அன்று இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். மறுவருடம் மசோதாவே வந்தது. கேட்டது அதிகமில்லை. ஆறு முதல் பத்து வயதுப் பையன்களுக்கு மட்டும் கட்டாயம். ஓரளவுக்குப் பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளிக்குப் போகும் ஊர்களில் மட்டும், அதுவும் உள்ளாட்சி விரும்பினால். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு தர வேண்டும்.

1912 மார்ச் 19 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 13, எதிர்ப்பு 38. உத்தியோகஸ்தர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்திருந்த சபையில் வேறென்ன நடக்கும்? மூன்று வருடத்தில், 1915 பிப்ரவரி 19 அன்று, புனேயில் கோகலே காலமானார். வயது 48.

அவர் போராடிக் குறைத்த உப்பு வரியும் நிலைக்கவில்லை. 1923இல் சபை மறுத்தும், தன் தனி அதிகாரத்தால் வைஸ்ராய் அதை மறுபடி இரண்டரை ரூபாயாக்கினார். அடுத்த வருடம் அது இறங்கினாலும், வரி போடுவது யார் கையில் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதை 1930இல் கோகலேயைத் தன் அரசியல் குரு என்று சொன்ன காந்தி தண்டியிலும், ராஜாஜி வேதாரண்யத்திலும் கேட்டார்கள். அங்கே புள்ளிவிவரம் பேசவில்லை. கைப்பிடி உப்பு பேசியது. பள்ளிக்கூடக் கோரிக்கைதான் அதிக நாள் காத்திருந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. கோகலேயின் தீர்மானத்துக்கு அப்போது வயது நூறு ஆண்டும் இரண்டு வாரமும்.

இன்று பட்ஜெட் நாளில், பற்றாக்குறை எவ்வளவு, உபரி எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறோம். கோகலே பார்த்தது யாரிடமிருந்து வாங்கியது, யாருக்குப் போகிறது என்ற இரண்டு பத்திகளை. முதலாவதைச் சரிசெய்ய ஓரளவு வாதமே போதுமாக இருந்தது. இரண்டாவதற்கு ஓட்டு வேண்டியிருந்தது. அது கைக்கு வர 1947 ஆயிற்று.

அந்த வருடம் நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)