தசை தளரக் கற்ற கதை

உடற்பயிற்சி முடிந்ததும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று எல்லோரும் சொல்றாங்க. எப்படி எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. படுத்தால் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும் என்பது நம் நினைப்பு. அப்படியில்லை, அதையும் பழகித்தான் ஆகணும் என்று சொன்னவர் எட்மண்ட் ஜேக்கப்சன்.

சிகாகோக்காரரான இவர், 1908இல் ஹார்வர்டில் படிக்கும்போது, திடீர்ச் சத்தத்துக்கு மனிதர்கள் எப்படித் திடுக்கிடுகிறார்கள் என்று ஆராய ஆரம்பித்தார். தசைகளை நன்றாகத் தளர்த்தியிருந்தவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடவில்லை. பிறகு சிகாகோவில், தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தையே அளந்து பார்த்தார். 'சும்மாதான் படுத்திருக்கேன்' என்கிறவர் உடம்பிலும் இறுக்கம் மிச்சம் இருந்தது!

1929இல் 'ப்ரோகிரசிவ் ரிலாக்சேஷன்' என்ற நூலை வெளியிட்டார். முறை எளிது. மணிக்கட்டை மேல்நோக்கி வளையுங்கள். முன்கையில் லேசாக ஒரு இறுக்கம் தெரியும். அதைக் கவனித்துவிட்டு, கையை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு அடுத்த தசை. இறுக்குவது, இறுக்கம் எப்படியிருக்கும் என்று அடையாளம் காண மட்டும்தான். தளர்வதற்காக முயற்சி செய்தால் அதுவும் ஒரு இறுக்கம்தான் என்பார் ஜேக்கப்சன். முழுசாகப் பழக மாதக்கணக்கில் ஆகும். இன்று நாம் செய்யும் இருபது நிமிட வடிவம், 1950களில் ஜோசப் வோல்ப் போன்றவர்கள் சுருக்கியதன் தொடர்ச்சி.

இது விளையாட்டுக்கு வந்தது போர் வழியாக. இரண்டாம் உலகப்போரில் கலிபோர்னியாவின் டெல் மாண்டே கடற்படைப் பள்ளியில், விமானிகளுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தவர்களில் பட் வின்டர் ஒருவர். போருக்குப் பின் சான் ஹோசே கல்லூரியில் தன் ஓட்டக்காரர்களுக்கும் அதையே சொல்லித்தந்தார்: தாடை தளரட்டும், கை தளரட்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் டாமி ஸ்மித் 200 மீட்டரை 19.83 நொடியிலும், லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 நொடியிலும் ஓடினார்கள். இரண்டும் உலக சாதனை. பரிசு மேடையில் ஸ்மித் உயர்த்திய கறுப்புக் கையுறை முஷ்டியை உலகமே அறியும். ஓடும்போது அதே கை, முஷ்டி பிடிக்காமல் இருக்கப் பழகிய கை.

சரி, பயிற்சிக்குப் பிந்தைய மீட்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கடுமையான கால் பயிற்சி கொடுத்து 96 மணி நேரம் கவனித்தார்கள். வாழ்க்கையில் மன அழுத்தம் அதிகம் இருந்தவர்களுக்குத் தசை வலு திரும்பத் தாமதமானது. தளர்வுப் பயிற்சி செய்தால் இது சரியாகிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் மனசில் இருக்கும் பாரத்தையும் தசை சுமக்கிறது என்பது தெளிவாகிறது.

நாம எத்தனை கிலோ தூக்கினோம், எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டோம் என்று கணக்கு எழுதுகிறோம். பரீட்சையோ, கடனோ, வேலைத் தொல்லையோ இருக்கும் வாரத்தில் எடையைக் கொஞ்சம் குறைப்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டியதுதான். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், ஜேக்கப்சன் பெயரைச் சொல்லுங்க.