வீட்டில் ஒரே ஒரு கஞ்சா செடி வளர்த்தாலும் 10 ஆண்டு சிறையா? இடுக்கி, பாலக்காடு எல்லையில் சட்டம் என்ன சொல்கிறது?

"ஒத்த செடிதானே, தொட்டியில வெச்சா யாருக்குத் தெரியப்போவுது?" கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையாறு, ஆனைகட்டி என்று தமிழ்நாடு, கேரள எல்லையில் எந்தப் பக்கம் இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். மலைக்காட்டில் ரகசியமாகப் பயிரிடும் காலம் போய், இப்போது மொட்டை மாடி, வாடகை அறை, அலமாரி என்று பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. செல்போனைத் திறந்தால் முளைவிட்ட முதல் வாரத்தில் என்ன உரம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை கிராம் விளையும் என்று வீடியோக்கள் வந்து விழுகின்றன.

அந்த வீடியோக்களில் பல, வீட்டில் செடி வளர்ப்பது குற்றமல்லாத நாடுகளில் எடுக்கப்பட்டவை. கனடாவில் 2018 அக்டோபரில் இருந்து பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை அனுமதி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயது வந்த ஒருவர் 3 செடி வரை வளர்க்கலாம். அங்கே 'எவ்வளவு விளையும்' என்பது தோட்டக்காரரின் கேள்வி. இங்கே நிலைமை அப்படி இல்லை.

எத்தனை செடி, எத்தனை கிராம் என்ற கணக்கு உண்டா?

வளர்ப்பைப் பொறுத்தவரை கிடையாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தை, என்டிபிஎஸ் சட்டம் என்று சொல்வார்கள். அதன் 8-வது பிரிவு கஞ்சா செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. 20-வது பிரிவு தண்டனையைச் சொல்கிறது. அந்தப் பிரிவு இரண்டாகப் பிரிகிறது. கஞ்சாவை வைத்திருப்பது, விற்பது, கடத்துவது ஒரு பக்கம். இதற்கு எடைக் கணக்கு உண்டு: 1 கிலோவுக்குக் குறைந்தால் 'சிறிய அளவு', அதிகபட்சம் 1 ஆண்டு சிறை அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு', குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை.

செடி வளர்ப்பது இன்னொரு பக்கம். அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'சிறிய அளவு' என்ற சலுகையே இதில் இல்லை. ஒரு செடியா நூறு செடியா, பூத்ததா பூக்கவில்லையா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. எவ்வளவு தண்டனை என்று நீதிபதி முடிவு செய்யும்போது வேண்டுமானால் அது பேசப்படும். குறைந்தபட்சத் தண்டனை எதுவும் சொல்லப்படாததால் அந்த இடம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

ஆக, பையில் 200 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டவருக்கு அதிகபட்சம் 1 ஆண்டு. தொட்டியில் ஒரு கன்று வைத்திருப்பவருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. விற்கவில்லை, சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் வளர்ப்பு வளர்ப்புதான். இது முரணாகத் தெரிந்தால் உங்கள் மேல் தப்பில்லை. 2001-ல் சட்டம் திருத்தப்பட்டபோது எடைக்கு ஏற்ற தண்டனை வந்தது, வளர்ப்பு மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

"இலை கஞ்சா இல்லையாமே?"

பாதி உண்மை. சட்டத்தின் வரையறைப்படி பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான் கஞ்சா. நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. வடக்கே சில மாநிலங்களில் பாங்கு விற்க முடிவதற்கு இந்த வரிதான் காரணம். ஆனால் 'கஞ்சா செடி' என்பதற்குத் தனி வரையறை இருக்கிறது: அந்த இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். இலை மட்டும் விட்ட கன்றும் அதற்குள் வந்துவிடும்.

உத்தராகண்டில் 2018 முதல் விவசாயிகளுக்கு அனுமதி கொடுக்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அது நாருக்காகவும் விதைக்காகவும், போதைச் சத்து மிகக் குறைந்த ரகத்தை, அரசு உரிமம் வாங்கிப் பயிரிடுவது. சட்டத்தின் 14-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. தொட்டிச் செடிக்கு அது குடை பிடிக்காது.

தானாக முளைத்திருந்தால்?

'வளர்ப்பது' என்றால் வேண்டுமென்றே பேணுவது. குப்பை மேட்டில் யாரும் கவனிக்காமல் முளைத்த செடிக்கும், தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, விளக்கு கட்டிப் பேணிய செடிக்கும் வித்தியாசம் உண்டு. வீடியோவில் 'விளைச்சலைக் கூட்டும்' என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும், உரப் பாக்கெட், விளக்கு, டைமர், தேதி குறித்த செல்போன் படம் என எல்லாமே வழக்கில் 'வேண்டுமென்றே வளர்த்தார்' என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கல், ஒருவர் பயிர் செய்யும் நிலத்தில் கஞ்சா செடி நின்றால், திருப்தியான விளக்கம் தராதவரை குற்றம் செய்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 54-வது பிரிவு. தெரிந்தே செய்தார் என்ற அனுமானமும் 35-வது பிரிவில் இருக்கிறது. அதை உடைக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். ஏலக்காய்க்கு நடுவே எவனோ நட்டுட்டுப் போனான் என்று சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும்.

தோட்ட முதலாளி, வீட்டுக்காரர், கூட இருப்பவர்

இது எல்லைப் பகுதிக்கு ரொம்ப முக்கியம். தேனி மாவட்டத்தில் இருந்து ஜீப் ஏறி உடும்பன்சோலை, நெடுங்கண்டம் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். லயத்திலோ வாடகை அறையிலோ நாலைந்து பேர் சேர்ந்து தங்குவதும் வழக்கம். தன் இடத்தில் குற்றம் நடப்பது தெரிந்தே அனுமதித்தால், செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அந்த இடத்தின் பொறுப்பாளருக்கும் உண்டு என்கிறது 25-வது பிரிவு. தன் நிலத்தில் சட்டவிரோதமாக வளரும் கஞ்சா செடியைப் பற்றித் தெரிந்தும் நில உரிமையாளர் தகவல் சொல்லாமல் விட்டால், அதுவும் 46-வது பிரிவின்படி குற்றம். இரண்டிலும் 'தெரிந்தே' என்ற சொல்தான் அச்சாணி. செடியைப் பார்த்துவிட்டால், "நமக்கெதுக்கு வம்பு" என்று பேசாமல் இருப்பதுதான் வம்பு.

கேரளப் பக்கம் எக்சைஸ், தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு போலீஸ் என்று ஆட்கள் மாறலாம். சட்டம் மத்திய சட்டம், இரண்டு பக்கமும் ஒன்றே.

இடுக்கிக்கு ஏன் இந்தப் பேர்?

வட்டவடை, கொட்டாக்கம்பூர் பக்கத்து உள் மலைகளும் அட்டப்பாடியின் காடுகளும் ஒரு காலத்தில் கஞ்சா சாகுபடிக்குப் பேர்போனவை. 2013-ல் ஆஷிக் அபு எடுத்த மலையாளப் படத்தின் தலைப்பே 'இடுக்கி கோல்ட்'தான். அந்தப் பேரை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். தொடர் சோதனைகளால் பெரிய அளவு சாகுபடி சுருங்கிவிட்டது. இப்போது ஆந்திரா, ஒடிசா மலைகளில் இருந்துதான் பெருமளவு சரக்கு தெற்கே வருகிறது.

பிடிபட்டால் ஜாமீன் கிடைக்குமா?

இந்தச் சட்டத்தில் எல்லாக் குற்றத்துக்கும் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் ஜாமீனுக்கான கடும் நிபந்தனை வணிக அளவு வழக்குகளுக்கும் வேறு சில பிரிவுகளுக்கும்தான். வெறும் வளர்ப்பு வழக்கு அந்தப் பட்டியலில் இல்லை. வெளியே வர வாய்ப்பு உண்டு, வழக்கு மட்டும் கூடவே வரும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். வளைகுடா வேலைக்குக் காத்திருக்கும் பையனுக்கு அதுவே பெரிய அடி.

பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. அது உபயோகித்ததற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் உரியது. வளர்ப்பில் 'சிறிய அளவு' என்பதே இல்லாததால், செடி வைத்தவர் இதை நம்பி இருக்க முடியாது. சிகிச்சை பற்றிக் கேட்க 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணையும், தகவல் சொல்ல 1933 என்ற எண்ணையும் அழைக்கலாம்.