48 புள்ளிக் கடன்

ஓட்டப் பந்தயத்தில் ஓடுவோர் அனைவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதே முறை. ஆனால், 2017ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட் போட்டியில் ஓர் அணி அக்கோட்டுக்கு வெகுதூரம் பின்னே நின்று புறப்பட நேர்ந்தது. டர்ஹம் என்பது அவ்வணியின் பெயர்.

நேயர்களே, டர்ஹம் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நிலக்கரிச் சீமை. 1882இல் தோன்றிய அதன் கிரிக்கெட் கழகம் நூறாண்டுக்கு மேலாகச் சிறு கவுண்டிகளுள் ஒன்றாகவே இருந்து வந்தது. 1973இல் ஜில்லெட் கிண்ணப் போட்டியில் யோர்க்‌ஷயரைத் தோற்கடித்து, முதல்தரக் கவுண்டியொன்றை அப்போட்டியில் வென்ற முதற் சிறு கவுண்டி என்னும் புகழைப் பெற்றது. 1992இல் முதல்தர வரிசையில் அதற்கும் இடம் கிடைத்தது. 1990களின் முற்பகுதியில் அச்சீமையின் எஞ்சிய ஆழ்சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழில் இழந்த மக்களுக்குத் தம் ஊரின் பெயரைப் பெருமையுடன் சொல்ல இக்கழகமும் ஒரு காரணமாயிற்று. 2008, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் அது கவுண்டி வாகையும் சூடியது.

முதல்தரத் தகுதியோடு ஒரு சுமையும் வந்தது. டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஏற்ற மைதானம் ஒன்றை அமைக்கவேண்டும் என்பதே அது. செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் எழுந்த றிவர்சைட் மைதானத்தில் 2003 முதல் 2016 வரை ஆறு டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. ஆறாவது ஆட்டத்தில், 2016 மே மாதம், இங்கிலாந்தை எதிர்த்து ஆடியது நமது இலங்கை அணி. சந்திமால் சதமடித்ததும், அலஸ்டெயர் குக் 10,000 டெஸ்ட் ஓட்டங்களைக் கடந்ததும் அவ்வாட்டத்திலேதான். மைதானம் சிறந்தது, கழகத்தின் கடனோ பெருகியது.

அவ்வாண்டு ஒக்டோபரில், இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை 38 இலட்சம் பவுண் உதவியளித்துக் கழகத்தை முறிவிலிருந்து காத்தது. கூடவே தண்டனையும் விதித்தது. முதற்பிரிவில் நான்காம் இடம் பெற்றிருந்த டர்ஹம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இறங்கவேண்டிய நிலையிலிருந்த ஹம்ப்ஷயர் முதற்பிரிவிலேயே நீடித்தது. டெஸ்ட் ஆட்டங்களை நடத்தும் வாய்ப்பும் டர்ஹமிடமிருந்து பறிக்கப்பட்டது. அடுத்த பருவத்தில் 48 புள்ளிகள் கழிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஒரு வெற்றிக்கு அக்காலத்தில் 16 புள்ளிகள். எனவே மூன்று வெற்றிகளின் பயன் அக்கடனைத் தீர்ப்பதற்கே போதும். ஆடவேண்டிய ஆட்டங்களோ பதினான்கு மட்டுமே. ஸ்டோன்மன், போர்த்விக் ஆகிய முன்னணித் துடுப்பாட்டக்காரர் இருவரும் வேறு கவுண்டிக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோருக்குத் தலைமை தாங்கியவர் போல் கொலிங்வுட். அப்பருவத்தில் 41 வயதை எட்டிய அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்தார். ஆயினும் வூஸ்டர்ஷயரும் நொட்டிங்ஹம்ஷயருமே மேற்பிரிவுக்கு உயர்ந்தன. டர்ஹம் கீழேயே தங்கிற்று.

தன் வரவுக்குள் செலவு செய்த கழகங்களுக்கு நீதி வழங்கவேண்டும் என்னும் வாதத்தை நாம் எளிதிற் புறக்கணிக்க முடியாது. ஆனால் கடன் வாங்கியவர் யார், அதை அடைத்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகின்றதல்லவா? கணக்கேட்டின் குறையை ஆடுகளத்தில் வியர்வை சிந்தி ஈடுசெய்தவர்கள், அக்கணக்கை எழுதாத ஆட்டக்காரர்களே.

2023இல் டர்ஹம் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மீண்டும் மேலேறியது. போர்த்விக்கும் அதற்குமுன் தம் பழைய கழகத்துக்குத் திரும்பி வந்திருந்தார். இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள். வெற்றி பெற்ற பருவங்களையே வரலாறு பெரிதும் குறித்து வைக்கும். எனினும், பரிசு கிட்டாது என்பதை அறிந்திருந்தும் ஆட வந்தவர்களின் அந்த 2017ஆம் ஆண்டுப் பருவமும் நினைவிற் கொள்ளத் தக்கதேயாகும்.