தூலோன் துறைமுகமும் வெடிமருந்தின் வயதும்

கருமருந்துக்கு ஈரமே பகை. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் உலர்ந்த கிடங்கில் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். நனைந்து கெட்டதிலிருந்தும் வெடியுப்பை நீரில் கரைத்து மீட்டு, மறுபடியும் மருந்து அரைக்கலாம். பழையதைப் புதிதாக்குவது படைக்கிடங்குகளுக்கு நெடுங்காலப் பழக்கம்.

1884இல் போல் வியே உருவாக்கிய புகையற்ற 'பி' மருந்து இப்பழக்கத்துக்கு அடங்கவில்லை. அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானே சிதைகிறது. வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றன. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். பகை உள்ளேயே இருந்தது; புறத்தோற்றத்தைக் கொண்டு அதை அறிவது அரிது.

1907 மார்ச் 12 அன்று தூலோனின் உலர்துறையில் நின்ற 'இயேனா' போர்க்கப்பல் வெடித்தது. 100 மி.மீ. பீரங்கிகளின் மருந்தறையில் வெடிப்பு தொடங்கியது; வெப்பம் மிகுந்த மின்னாக்கி அறை அதன் அருகிலேயே இருந்தது. கப்பல் நீரில் இல்லாததால் மருந்தறைகளை நீரால் நிரப்ப இயலவில்லை. 'பாத்ரி' என்னும் கப்பல் உலர்துறையின் கதவை உடைக்கக் குண்டு வீசியும் பயனில்லை. மடிந்தோர் ஏறத்தாழ 120 பேர்.

இனிதான் சிக்கல். அக்காலத்தில் பிரான்சில் வெடிமருந்து அரசின் தனியுரிமையாக இருந்தது. அதைச் செய்தது போர் அமைச்சின் கீழிருந்த துறை, ஏற்றுக்கொண்டது கடற்படை. மருந்து சிதைந்ததே காரணம் என்றது கடற்படைத் தரப்பு. மருந்துப் பொறியாளர்கள் மறுத்தனர். விசாரணைகள் நீண்டன. 1908இல் பதவியிழந்தவரோ கடற்படை அமைச்சர் காஸ்தோன் தோம்சோன். மருந்தைச் செய்யாதவரே விலை கொடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

கப்பல்களில் அதே மருந்து தொடர்ந்தது. 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் 'லிபெர்த்தே' வெடித்தது. அருகிலிருந்த கப்பல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர் மடிந்தனர். இம்முறை சிதைந்த மருந்தே காரணம் என ஏற்கப்பட்டது. பழைய மருந்தைக் கரைப்பானில் மீண்டும் பிசைந்து படைக்கு அனுப்பும் வழக்கமும் கடுமையான கேள்விக்குள்ளாயிற்று. அவ்வாறு பிசைந்த மருந்துக்கு எந்த ஆண்டை வயதாகக் கொள்வது? கருமருந்துக் காலத்தில் பொருளற்ற கேள்வி இது. நைட்ரோசெல்லுலோஸிலோ பிசைதல் வடிவத்தை மாற்றுகிறது. இழைகள் கடந்து வந்த ஆண்டுகளை அழிப்பதில்லை.

நிலைப்படுத்தியாகச் சேர்த்துவந்த ஆமைல் ஆல்கஹால் ஆவியாகி மறையக்கூடியது. அதன் இடத்தை, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிணைத்துக்கொள்ளும் டைஃபினைலமீன் பிடித்தது. அதுவும் சிதைவை நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது. எனவே இன்றும் கிடங்கிலுள்ள மருந்தில் எஞ்சிய நிலைப்படுத்தியின் அளவைக் காலமுறைப்படி சோதித்தே அதன் எஞ்சிய ஆயுளைக் கணிக்கின்றனர்.