ஏரிக்கரையில் ஒரு நோர்வே

ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் வீதி ஒன்ராறியோ ஏரியைத் தொடுமிடத்திலுள்ள பூங்காவின் பெயர் ‘லிட்டில் நோர்வே’. 1940 ஏப்ரலில் ஜேர்மனி படையெடுத்தபோது தாயகத்தினின்றும் தப்பிவந்த நோர்வே வீரர்கள், அவ்வாண்டு நவம்பரில் இங்கே பாசறை அமைத்து விமானப் பயிற்சி பெற்றனர். செலவை ஏற்றது இலண்டனில் இயங்கிய அவர்களது புலம்பெயர் அரசு. அவ்வரசுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தவை அந்நியர் கையில் அகப்படாத ஏறத்தாழ 1000 வணிகக் கப்பல்கள். நாடு பறிபோயிற்று, கடலோடும் தொழில் கைவிடவில்லை!

1987இல் நோர்வே மன்னர் ஐந்தாம் ஓலவ் இப்பூங்காவைத் திறந்துவைத்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1986 ஆகஸ்டில், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் தத்தளித்த நம்மவர் 155 பேரை நியூபவுண்லாந்து மீனவர்கள் மீட்டனர். நோர்வேஜியர் தம் கதையை இக்கரையில் பொறித்துவைத்தனர். அவ்விரு படகுகளின் கதையை நம் பிள்ளைகள் அறிவார்களா?