நடுக்கமும் தளர்ச்சியும்: ஒரு நோய்க்குறியின் தாமதமான வரலாறு

இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037) இயற்றிய 'அல்-கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்களைக் கொண்டது. தலை முதல் கால் வரையுள்ள உறுப்புகளின் நோய்களை வரிசைப்படுத்தும் மூன்றாம் பாகத்தில், பக்கவாதம், மரமரப்பு ஆகியவற்றோடு 'ரஃஷா' எனப்படும் நடுக்கத்தையும் அவர் ஆராய்கிறார். உறுப்பை உயர்த்திப் பிடிக்க முயலும் இயக்க ஆற்றலும், அதனைக் கீழே இழுக்கும் உறுப்பின் எடையும் ஒன்றையொன்று வெல்ல இயலாமல் போராடுவதே நடுக்கம் என்பது அவர் தரும் விளக்கம்.

'இஃயா' எனும் உடல் தளர்ச்சியோ வேறோர் இடத்தில், முதற்பாகத்தில், உடற்பயிற்சியும் உடல்நலப் பேணலும் பேசப்படும் பகுதியில் வருகிறது. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் வகுத்த மூன்று வகைத் தளர்ச்சிகளோடு நான்காவதாக ஒன்றையும் அங்கு அவர் சேர்க்கிறார். உழைப்பினால் வருவது ஒன்று. உழைப்பே இன்றித் தானாக வருவது மற்றொன்று எனப் பிரித்து, பின்னது வரவிருக்கும் நோயின் முன்னறிவிப்பு என்கிறார். அரபு மொழியில் சோம்பலுக்கு 'கஸல்' என்ற வேறு சொல் இருக்கிறது என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. மருத்துவர் எழுதியது இஃயாவைப் பற்றியே தவிர கஸலைப் பற்றியன்று.

இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துவிட்டு, பார்க்கின்சன் நோயை இப்னு சீனா அன்றே கண்டறிந்துவிட்டார் என்று கூறுவது எளிது. அவ்வாறு கூறுவோரும் உளர். அது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர் கண்டது பல காரணங்களால் விளையும் நடுக்கம். ஒரு தனி நோயை அன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: நடுக்கம் ஒரு பாகத்திலும் தளர்ச்சி இன்னொரு பாகத்திலுமாகப் பிரிந்து நின்ற அந்த நிலை, மருத்துவ நூல்களில் ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகள் நீடித்தது.

இலண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதம் குறித்து 66 பக்கச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஓய்வில் இருக்கும்போது வரும் நடுக்கத்தையும் அசைவின்போது வரும் நடுக்கத்தையும் பிரித்தறிய அவரும் ஜாலீனூஸையே துணைக்கு அழைக்கிறார். அவர் விவரித்தவர்கள் அறுவர். அவர்களுள் சிலரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. தெருவில் கண்டு எழுதக்கூடியவை நடுக்கமும், முன்சாய்ந்த உடலும், ஓட்டமாக மாறிவிடும் நடையுமே. அந்நோயாளி வீடு திரும்பியபின் எவ்வளவு நேரம் எழ இயலாமல் கிடந்தார் என்பது தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. பார்க்கின்சன் தந்த வரையறையில் தசைவலுக் குறைவு உண்டு, தளர்ச்சி இல்லை.

பாரீஸ் சல்பேத்ரியேர் மருத்துவமனையின் ழான் மார்ட்டின் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவர். தசைகளின் வலிமையைக் கருவிகொண்டு அளந்து, அது நெடுநாள் குன்றாமல் இருப்பதை அவர் காட்டினார். வலிமை இருந்தும் நோயாளிகள் தசைகளில் இடைவிடாத இறுக்கத்தையும் சோர்வையும் முறையிட்டதைத் தம் விரிவுரைகளில் பதிவு செய்தார். தளர்ச்சி வேறு, வலுவின்மை வேறு என்ற பெரியதொரு உண்மை அங்கே வெளிப்படத் தொடங்கியிருந்தது. நீண்ட இரயில் பயணத்திற்குப் பின் தங்களுக்குச் சற்றுத் தேவலை என்று சில நோயாளிகள் கூறியதைக் கேட்டு, இரயில் பெட்டியைப் போல அதிரும் நாற்காலி ஒன்றையும் அவர் செய்வித்தார். 1892-இல் அதனைப் பற்றி உரையாற்றினார். மறு ஆண்டே மறைந்தார். வியப்புக்குரிய அந்த நாற்காலி 120 ஆண்டுகளுக்குப் பின் சோதிக்கப்பட்டது. 2012-இல் வெளியான ஆய்வொன்றில், அதிர்வு பெற்றவர்களும் அதிர்வின்றி ஓசையை மட்டும் கேட்டு அமர்ந்திருந்தவர்களும் ஒரே அளவில் முன்னேறியது தெரியவந்தது! ஆயினும், நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட பெருமையை ஷார்க்கோவுக்கு மறுக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் வெற்றியே பின்னர் ஒரு தடையாகவும் அமைந்தது. நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை ஓலே ஹோர்னிகிவிச் 1960-இல் காட்டினார். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவை அதிக அளவில் வாய்வழி கொடுத்துப் பெரும்பயன் கண்டார். அசையாதிருந்தோர் நடந்தனர். நடந்தவர் நலமானவர் என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. மருந்து உண்டு, கை நடுக்கமும் அடங்கிவிட்ட ஒருவர் "களைப்பாக இருக்கிறது" என்றால், முதுமை என்றனர் மருத்துவர்; சோம்பல் என்றனர் வீட்டார். இஃயா கஸலாகக் கொள்ளப்பட்டது.

இப்பிரிவை நீக்கிய ஆய்வுகள் 1993-இல்தான் வெளிவந்தன. அவற்றுள் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோசப் ஃபிரீட்மனின் ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் தங்களை மிகுதியும் முடக்குவது நடுக்கமோ விறைப்போ அன்று, தளர்ச்சியே என்று கூறினர். 2005-இல் இந்நோயாளிகளுக்கென்றே 16 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உருவாக்கப்பட்டது. 2018-இல் வெளியான தொகுப்பாய்வு, நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தளர்ச்சி இருப்பதாகக் கணக்கிட்டது. நோய் கண்டறியப்பட்ட தொடக்க நாள்களிலேயே, மருந்து தொடங்கும் முன்பே, இது பலருக்கு இருக்கிறது. மனச்சோர்வும் உறக்கக் குறைவும் இதனை மிகுவிக்கும். ஆனால் அவையேதும் இல்லாதவரையும் இது விடுவதில்லை.

லெவோடோபா ஏன் இதனைத் தீர்க்கவில்லை என்பதற்கு 2010-ஆம் ஆண்டின் மூளைப் படப்பிடிப்பு ஆய்வொன்று ஒரு விடையைத் தந்தது. தளர்ச்சி உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும், கை கால் அசைவை ஆளும் மூளைப் பகுதியில் டோபமைன் ஒரே அளவில் குறைந்திருந்தது. தளர்ச்சி உள்ளவர்களிடம் செரடோனின் அமைப்பே கூடுதலாகப் பழுதுற்றிருந்தது. நடுக்கமும் தளர்ச்சியும் ஒரே நோயினுள் வெவ்வேறு வழிகளில் விளைபவை என்பது இதனால் புலனாகிறது.

1984-இல் இந்நோய் கண்டறியப்பட்ட முஹம்மது அலி, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவரது இடக்கை நடுங்கியதை உலகமே கண்டது. அந்த நடுக்கம் இன்றும் படத்தில் இருக்கிறது. அன்றிரவு அவர் எவ்வாறு களைத்திருப்பார் என்பதைக் காட்டும் படம் எதுவும் இருக்க வழியில்லை.

தளர்ச்சிக்கென்று உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்க மருந்து இன்னும் அமையவில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கக் கோளாறு ஆகியவை உள்ளனவா என்று முதலில் பார்க்கின்றனர். மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்திற்கு அன்றாடப் பணிகளை மாற்றிக்கொள்ளச் சொல்கின்றனர். அளவான உடற்பயிற்சியை வற்புறுத்துகின்றனர். 'கானூன்' தன் காலத்துத் தளர்ச்சிக்குச் சொன்னது ஓய்வு, மென்மையாக உடலைத் தேய்த்துவிடல், வெதுவெதுப்பான நீராடல்.