கடலை அச்சில் வார்த்தவர்: லாலிக்கின் விளக்குகளும் ஒரு கப்பலின் கதவுகளும்

மீன், சிப்பி, அலை ஆகியவற்றைக் கண்ணாடியில் வார்த்துப் பெயர் பெற்றவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ரெனே லாலிக் (1860–1945). நகை வடிவமைப்பாளராகத் தொடங்கிய அவர், 1920களின் தொடக்கத்தில் அல்சாஸ் பகுதியிலுள்ள விங்கன் கிராமத்தில் கண்ணாடித் தொழிற்சாலை அமைத்தார். மீன்கள் சுற்றி நீந்தும் சாடிகளும் சிப்பி வடிவ விளக்கு மூடிகளும் அவரது புகழ்பெற்ற படைப்புகளில் அடங்கும்.

இரண்டு அச்சுகள்

அவர் இரு முறைகளைக் கையாண்டார். முதலாவது, நமது கோயில் செப்புத் திருமேனிகளுக்கும் உரிய மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் கண்ணாடி நிரப்பப்படும். பொருளை எடுக்க அச்சை உடைக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே பொருள்தான்.

இரண்டாவது, திறந்து மூடும் உலோக அச்சு. உருகிய கண்ணாடியை உள்ளே இட்டு அழுத்துவார்கள். மீனின் செதில் அதிகம் உட்குழிந்தால் பொருள் அச்சில் சிக்கிவிடும். அதனால் செதுக்கும்போதே அது கழன்று வரும் வழியைக் கணக்கிட வேண்டும். வார்த்ததை மெதுவாக ஆறவிடாவிட்டால் வெடித்துவிடும். பின்னர் அமிலத்தால் சில இடங்களை மங்கலாக்கி, மேடுகளை மெருகூட்டினால், விளக்கு எரியும்போது உருவம் துலங்கும்.

நோர்மண்டி

1935இல் முதற்பயணம் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பலான நோர்மண்டியின் உணவு மண்டபம் 300 அடிக்கும் மேல் நீளமானது. இயற்கை வெளிச்சம் எட்டாத அந்த மண்டபத்துக்கு, லாலிக்கின் 12 உயரமான கண்ணாடி விளக்குத் தூண்களும் சுவரோரமாக 38 விளக்குகளும் ஒளி கொடுத்தன.

பின்னர் போர் வந்தது. 1942 பெப்ரவரி 9ஆம் திகதி, படையினரை ஏற்றும் கப்பலாக மாற்றும் வேலை நடந்தபோது நியூயோர்க் துறைமுகத்தில் நோர்மண்டி தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரின் பாரத்தால் அது சரிந்தது. இறுதியில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. விங்கன் தொழிற்சாலையும் ஜேர்மனியர் வசமானது. 1945 மே மாதம் ரெனே காலமானார். மகன் மார்க் தொழிற்சாலையை மீண்டும் இயக்கினார். 2011இல் அதே கிராமத்தில் லாலிக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

எஞ்சியவை

உணவு மண்டபக் கதவுகளை அலங்கரித்த உலோகப் பதக்கங்கள், இன்று புரூக்ளினில் லெபனான் மரோனைட் கிறிஸ்தவர்களின் பேராலய வெளிக்கதவுகளில் இருக்கின்றன. புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகம், போரில் அழிந்த கப்பலின் மிச்சத்தைத் தன் வழிபாட்டிடத்தின் வாசலாக்கியிருக்கிறது.

இடம்பெயர்ந்து திரும்பியபோது கதவும் நிலையும் கழற்றப்பட்ட வீடுகளைக் கண்ட பலரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் கூரையைவிடக் கதவைப் பற்றியே அதிகம் சொன்னார்கள். எங்கள் பழைய கதவுகளையும் விளக்குகளையும் படமெடுத்து, அளந்து, முடிந்தால் அச்செடுத்து வைப்பது நல்லது என்று நான் கருதுகிறேன். பொருள் போனாலும் அச்சு இருந்தால் மீண்டும் வார்க்கலாம்.